தொட்டிலும் இருட்டறையும்

ஒளி எங்கே விழுகிறதோ அங்கே போய் நிற்பதற்குக் கால்களும், விழுந்த ஒளி நகர்ந்துவிடுவதற்குள் அதைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு கருவியும் இருந்தால் நிழற்படக் கலை நடக்கும். எங்கும் போகாமல் ஓரிடத்தில் அமர்ந்து, தொடங்கிய எண்ணத்தை இழை அறாமல் முடிவு வரையில் நடத்திச் செல்வதற்கு மனத்தில் ஏகாக்கிரதை இருந்தால் எழுத்து நடக்கும். இந்த இரண்டில் ஒன்றையோ, இரண்டையுமேயோ, ஜீவிதத்தின் சாரமாகக் கொண்டு வளர்ந்த ஒரு பெண் முதல் குழந்தையைப் பெற்றெடுத்தாளானால், மறுநாளிலிருந்தே அவளுடைய கால்கள் தொட்டிலின் அருகே கட்டுண்டுவிடுகின்றன. மனமோ, எந்நேரமும் ஓர் அழுகுரலை எதிர்பார்த்து ஒரு காதைத் தனியே திறந்து வைத்துக்கொண்டே மற்றக் காரியங்களைச் செய்யப் பழகிவிடுகிறது. அந்தக் குழந்தையின் மீது அவளுக்குள்ள பிரியத்துக்கு அளவில்லை. ஆயினும் அவள் இழந்தது இழந்ததே என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்துப் பேசுவதற்கு நமக்கு ஏனோ பெரும் தயக்கம் இருந்துவருகிறது.

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை பாலூட்டி, தோளில் சாய்த்து முதுகைத் தட்டி, துணி மாற்றித் தொட்டிலில் இட்டு நிமிர்கிற தாய்க்கு, அடுத்த பசிக்குள் கிடைக்கிற அவகாசம் ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் அவள் குளித்து, சாப்பிட்டு, முந்தின இரவின் கடன் தீரச் சற்றே கண்ணயரவும் வேண்டும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தவளின் பச்சை உடம்பைப் பேணுவதற்குப் பத்தியமும் பிரசவ லேகியமும் வெந்நீர்க் குளியலும் என்று நம்முடைய பாட்டிமார் ஒரு சாஸ்திரத்தையே வகுத்து வைத்திருக்கிறார்கள். அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், அவள் பாதியில் நிறுத்திய கதை என்னவாயிற்று, அலமாரியில் வைத்த காமிராவை எடுத்துப் பார்த்தாளா என்று விசாரிக்கிற வழக்கம் அந்த சாஸ்திரத்தில் எந்த மூலையிலும் இல்லை.

இங்கிலாந்தின் விமர்சகர் சிரில் கானலி, 1938-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், நல்ல கலைக்குச் சத்துருவாக அமைகிற பொருள்களுள் ஒன்றாக வாசற்கூடத்தில் நிற்கும் குழந்தை வண்டியைச் சுட்டிக் காட்டினார். அவர் மனக்கண் முன் நின்றவன், குடும்பபாரம் ஏறியதால் ஊக்கம் குன்றிய ஆண் எழுத்தாளன்தான். அந்த வண்டியைத் தள்ளிச் செல்கிறவளுக்கும் எழுதுவதற்கு ஏதேனும் இருக்கக்கூடும் என்பது அவருடைய சிந்தனைக்கு வெளியே நின்றுவிட்டது. குழந்தையைக் கலையின் பகையாகக் கருதுவதை நான் ஒப்பவில்லை. கலைஞர்களாக இருந்த தாய்மார்களின் சரித்திரங்களைப் படிக்கப் படிக்க, குழந்தை பிறந்த பிறகு அவர்களுடைய கலை வளர்ந்ததும் வாடியதும், அந்த வீட்டில் இன்னொரு ஜோடிக் கைகள் குழந்தையை வாங்கிக்கொள்ள முன்வந்தனவா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருப்பதைக் காண்கிறேன்.

அமெரிக்காவின் இமோஜன் கன்னிங்ஹாமை எடுத்துக்கொள்வோம். 1883-இல் ஆரிகான் மாநிலத்துப் போர்ட்லண்டில் பிறந்து, வாஷிங்டன் சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்று, பின்னர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் நிழற்பட ரசாயனத்தையே உயர்கல்வியாகக் கற்று வந்தவர் அவர். 1910-இல் சியாட்டிலில் சொந்தமாக ஒரு படநிலையம் நடத்தத் தொடங்கினார். 1913-இல், பெண்களுக்கு உகந்த தொழிலாக நிழற்படக் கலையை எடுத்துரைத்து ஒரு வியாசமும் எழுதினார். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, செப்புத்தகட்டில் சித்திரம் செதுக்கும் ராய் பார்ட்ரிட்ஜ் என்ற கலைஞரை மணந்தார். அந்த 1915-ஆம் வருஷ முடிவிலேயே முதல் மகன் பிறந்தான். 1917-இல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு மகன், கைக்குழந்தைகள் இருவர். சியாட்டிலின் படநிலையத்தை மூடிவிட்டுக் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தாகிவிட்டது. சொந்தத் தொழிலைப் பற்றி வியாசம் எழுதிய கை, சலவைத் தொட்டியில் இறங்கியது.

1920-இல் கணவருக்கு ஓக்லண்டு மில்ஸ் கல்லூரியில் ஆசிரியர் பதவி கிடைக்க, அங்கே அமைந்த வீட்டுக்கு ஒரு தோட்டம் இருந்தது. மூன்று சிறுவர்களைக் கண்பார்வையை விட்டு அகல விடாமல் காக்க வேண்டிய ஒரு தாய்க்கு, படம் பிடிப்பதற்கென்று மலையேறவோ, நகரத் தெருக்களில் அலையவோ, மனிதர்களை வரவழைத்து மணிக்கணக்கில் உட்கார வைக்கவோ சாத்தியப்படாது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும் அந்தத் தோட்டத்தில் செடிகள் இருந்தன; செடிகள் நகர்வதில்லை; நடுவில் எழுந்து போய் ஒரு பிள்ளையின் முழங்கால் காயத்துக்கு மருந்திட்டுத் திரும்பி வந்தாலும், அவை விட்ட இடத்திலேயே காத்திருக்கும். ஆகவே இமோஜன் செடிகளின் பக்கம் காமிராவைத் திருப்பினார். பூவைத் தூரத்தில் நின்று அழகு பார்க்கும் பழைய முறையை விட்டு, இதழ்களுக்குள்ளேயே புகுந்து, கேசரங்களும் சூலகமும் படச் சட்டகம் முழுவதையும் நிறைக்குமாறு எடுத்தார். 1925-இல் அவர் எடுத்த மக்னோலியா மலரின் படத்தைப் பார்க்கிறவர், அது ஒரு கோபுரமா, ஒரு தீபமா, உயிருள்ள ஓர் உடம்பா என்று ஒரு கணம் திகைத்துப் பிறகே பூ என்று தெளிவார். 1929-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சர்வதேசத் திரைப்பட, நிழற்படக் கண்காட்சிக்கு அவருடைய படங்கள் பத்து தேர்ந்தெடுக்கப்பட்டன. 1932-இல், கூர்மையும் தெளிவும் கொண்ட படங்களே நிழற்படக் கலையின் தர்மம் என்று கொள்கை வகுத்த ‘எஃப் 64’ குழுவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் ஆகியோருடன் அவரும் ஒருவராக நின்றார்.

நவீன நிழற்படக் கலையின் ஒரு புதிய மார்க்கம், வெளியே போக முடியாத ஒரு தாயின் வீட்டுத் தோட்டத்தில் பிறந்தது என்று இந்தக் கதையைச் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதில் மகிழ்ச்சியே. எனினும் அந்த மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள நியாயம் இடம் தரவில்லை. கட்டுண்டு கிடந்தபோதும் ஒருத்தி மலர்ந்தாள் என்பதால் கட்டு நல்லதாகிவிடாது. ரசாயனமும் ஒளியும் கற்றுத் தேர்ந்த பிறகு, தமக்கென ஒரு தொழிலையும் நடத்திப் பார்த்த பிறகு அந்தத் தோட்டத்துக்கு வந்தவர் இமோஜன். அந்த முதல் பத்து வருஷப் பயிற்சி இல்லாத ஒருத்திக்கு அதே மக்னோலியா மரம் துணி உலர்த்தும் இடத்து நிழலாகவே இருந்திருக்கும். தவிரவும், 1934-இல் ஒரு பத்திரிகை அவரை நியூயார்க்குக்கு அழைத்தபோது, இப்போது போக வேண்டாம் என்று கணவர் தடுத்தார், இமோஜன் போனார், அந்த வருஷமே விவாகரத்து நேர்ந்தது. பிள்ளைகள் அப்போது வளர்ந்துவிட்டிருந்தார்கள். அதன் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் படம் எடுத்து, 1976-இல், 93-வது வயதில் அவர் காலமானார்.

இமோஜனின் சிநேகிதியான டாரதியா லாங்கின் வழி வேறு. அதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் செல்வர்களைப் படம் எடுத்துத் தொழில் நடத்திவந்த லாங்குக்கு 1925-இலும் 1928-இலும் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. கணவர் மேனார்டு டிக்ஸன் ஓவியர். பொருளாதார மந்தம் வந்து வருமானம் நொறுங்கிய அந்தக் கொடிய ஆண்டுகளில், தொழிலைத் தொடர வேண்டுமானால் வேறு வழியில்லை என்று பிள்ளைகளைப் பணம் கொடுத்து அந்நிய குடும்பங்களில் விட்டார். அப்படி விட்டதனால் தெருவுக்கு இறங்க முடிந்தது. இறங்கியதனால், ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் மனிதர்களையும் நிலமிழந்து அலையும் குடியானவர்களையும் உலகத்துக்குக் காட்டினார். 1936 மார்ச் மாதத்தில் நிபோமோ என்ற ஊரின் பட்டாணி பறிப்போர் முகாமில், குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கை வைத்து எங்கோ நோக்கும் தாயொருத்தியை அவர் எடுத்த படம், தாய்மையின் துயரத்துக்கு இந்த யுகம் கண்ட சாட்சியங்களில் தலையாயதாக நிற்கிறது. அதை எடுத்தவர், தம் பிள்ளைகளை வேறு கூரையின்கீழ் விட்டுவிட்டு வந்த தாய். அந்த வேதனையைப் பிள்ளைகள் பின்னாளில் மறைத்துப் பேசவும் இல்லை. லாங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்புகிறவர், அதே ஆண்டுகளில் ஓவியம் தீட்டப் பல நாட்கள் பாலைவனங்களுக்குப் பயணமாகிவந்த டிக்ஸனிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு இவரிடம் வரட்டும். இமோஜனின் இரட்டையரில் ஒருவரான ராண்டல், வாலிபனானதும் இந்த லாங்கிடமே உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றுப் பெயர்பெற்ற நிழற்படக் கலைஞரானார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நம் தேசத்தில் இதற்கு ஒரு மங்களகரமான உதாரணம் உண்டு. 1913-இல் குஜராத்தின் நவ்ஸாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். காமிராவைக் கையாளக் கற்றுக் கொடுத்தவர், பின்னர் கணவராக வாய்த்த மானெக்ஷா. தொடக்கத்தில் ஹோமாயின் படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. அந்த நாளின் பத்திரிகை உலகம் அப்படி இருந்தது. 1942-இல் மகன் பிறந்தான். அதே ஆண்டில் தம்பதியர் டெல்லிக்குக் குடியேறிப் பிரிட்டிஷ் தகவல் சேவையில் பணி ஏற்றார்கள். தாயாகிச் சில ஆண்டுகளே ஆன அந்தப் பெண்மணி, புடைவை கட்டிக்கொண்டு, கனத்த ஸ்பீட் கிராபிக் காமிராவைச் சுமந்துகொண்டு, 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் கொடி ஏறியதையும், மறு ஆண்டில் மகாத்மாவின் இறுதி யாத்திரையையும் படம் எடுத்தார். கணவரும் அதே தொழிலை அறிந்தவராகவும், இருட்டறை வேலையைத் தமக்கும் உரிய கடமையாகக் கருதியவராகவும் இருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை, அந்தப் பாக்கியம் கிட்டாதவர்களின் சரித்திரத்தைப் படித்த பிறகே உணர முடிகிறது. மானெக்ஷா 1969-இல் காலமானார்; அடுத்த ஆண்டிலேயே ஹோமாய் காமிராவைக் கீழே வைத்துவிட்டார். பத்ம விபூஷண் விருது 2011-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 97.

இனி எழுத்துக்கு வருவோம். காமிராவைவிடப் பேனா சௌகரியமானது, வீட்டிலிருந்தபடியே எழுதலாம், ஆகையால் தாயான பெண்ணுக்கு உகந்தது என்று கருதுகிறவர்கள் எழுத்தின் இயல்பை அறியாதவர்கள். தோட்டத்துப் பூ காத்திருக்கும். பாதியில் விட்ட வாக்கியம் காத்திருப்பதில்லை. அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்ஸன் 1932-இல், 19-வது வயதில், ஒரு நாவலைத் தொடங்கினார். அதே ஆண்டில் முதல் பெண் பிறந்தாள். பிறகு மேலும் மூன்று பெண்கள், கூலிக்கு வேலை, வறுமை. நாவல் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. வேலைக்குப் போகும் பஸ்ஸிலும், பிள்ளைகள் உறங்கிய பின் இஸ்திரிப் பலகையின் அருகிலும் துணுக்குத் துணுக்காக எழுதிப் பார்த்து, ஏறக்குறைய இருபது வருஷ மௌனத்துக்குப் பின்னரே அவர் மீண்டும் எழுந்தார். துணிகளுக்கு இஸ்திரி போட்டபடியே ஒரு தாய் தன் மூத்த மகளைப் பற்றி எண்ணி எண்ணி நோகிற கதையும், அதைத் தாங்கிய 1961-ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதியும் அந்த மௌனத்தின் அடியிலிருந்து வந்தவை. பத்தொன்பது வயதில் தொடங்கிய நாவல், மீந்த கைப்பிரதிகளிலிருந்து தொகுக்கப்பெற்று, முடிவுறாத நிலையிலேயே 1974-இல் அச்சாயிற்று. பின்னர் அவர் ‘மௌனங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார். எழுதப்படாமல் போன புத்தகங்களுக்கும் இலக்கிய சரித்திரத்தில் இடம் வேண்டும் என்பது அதன் வாதம். அந்த வாதத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். வெளிவந்த நூல்களை மாத்திரம் எண்ணிப் பார்த்து, பெண்களின் பங்கு சொற்பம் என்று தீர்மானித்துவிட்ட இலக்கிய சரித்திரங்கள் நம் பாஷையிலும் உண்டு.

டோனி மாரிஸன் இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, விடியலுக்கு முன் எழுந்து எழுதி, 1970-இல் முதல் நாவலை வெளியிட்டார். அவரைப் போல் எழுந்து எழுதக்கூடாதா என்று இன்றைய இளந்தாயிடம் சொல்வது கொடுமை. இரவில் நான்கு முறை எழுந்தவளுக்கு விடியல் என்ற ஒன்று தனியாக வருவதே இல்லை.

நமது துவரங்குறிச்சியில் 1968-இல் பிறந்த கவிஞர் சல்மாவின் கதை இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருங்கியது. பருவமெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றுபோய், மணமாகி, பிள்ளைகளுக்குத் தாயான பின், எழுதுவதற்கு வீட்டில் எதிர்ப்பும் இருந்த நிலையில், கதவைத் தாழிட்டுக்கொள்வதற்குக் காரணம் சொல்ல வேண்டாத ஒரே இடம் கழிவறையாக இருந்தமையால், இரவில் அங்கே நின்றபடி அவர் கவிதை எழுதினார். எழுதிய தாள்களை ஒளித்து வைத்தார். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000-இல் வெளிவந்தபோது தமிழ்க் கவிதையில் அதுவரை ஒலியாத ஒரு குரல் கேட்டது. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் 2004-இல் தொடர்ந்தது. அந்தத் தாள்கள் வீட்டைவிட்டு வெளியேறிப் பதிப்பாளரைச் சேர்வதற்கு உதவியவர் சல்மாவின் தாயார். அந்த அம்மாளின் துணிவை, தமிழ் இலக்கியத்துக்கு வாய்த்த ஒரு புரவலரின் துணிவாகவே நான் மதிக்கிறேன். இன்னும் பழைய காலத்துக்குப் போனால், வை. மு. கோதைநாயகி அம்மாள் தமது முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தைச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அந்தத் தோழியின் கை ஓடியிராவிட்டால், பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களும் ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையும் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

குழந்தைகள் வளர்ந்த பிறகு தொடங்கினால் போகிறது என்று சமாதானம் சொல்கிறவர்கள் ஜூலியா மார்கரெட் காமெரானைக் காட்டுவார்கள். கல்கத்தாவில் 1815-இல் பிறந்த அந்த ஆங்கில மாதரசிக்கு, 1863-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. கோழிக் கொட்டகையைக் கண்ணாடி அறையாக்கி, நிலக்கரி போடும் அறையை இருட்டறையாக்கி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அழியாப் புகழ் பெற்றார். தமது கலைவாழ்வைப் பற்றி எழுதத் தொடங்கிய சரிதம் மட்டும் முற்றுப்பெறவில்லை. 1875-இல் இலங்கைக்குப் போய், அங்கே தோட்டங்களில் உழைத்த மக்களையும் படம் எடுத்து, 1879-இல் அம்மண்ணிலேயே மறைந்தார். அவர் கையாண்டது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கலோடியன் பூசி, அது உலர்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குள், படமும் எடுத்துக் கழுவியும் முடித்தாக வேண்டும். நடுவில் ஒரு குழந்தை அழுதால் தகடு பாழ். அப்படிப்பட்ட கலை அவருக்கு 48-இல் வந்தது பொருத்தமே. ஆனால் அவருக்கு ஊழியர்களும், செல்வமும், மகள் தந்த பரிசும் இருந்தன. நம் ஊரில் 48 வயதை எட்டுகிற பெண்ணுக்கு, பெரும்பாலும் பேரக்குழந்தையின் தொட்டில்தான் காத்திருக்கிறது.

குழந்தையையே கலையின் பொருளாக்கிக்கொள்ளும் மார்க்கமும் ஒன்று உண்டு. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஸாலி மான், தம் மூன்று குழந்தைகளைப் பெரிய காமிராவால் எடுத்த படங்களை 1992-இல் நூலாக்கியபோது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் இன்றும் அடங்கவில்லை. 2015-இல் வெளிவந்த தமது வாழ்க்கைச் சரிதத்தில் அவரே அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் படங்களின் சௌந்தரியத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும், சம்மதம் என்ற ஒன்றைத் தர இயலாத வயதில் எடுக்கப்பட்ட படமும், எழுதப்பட்ட குறிப்பும், அந்தக் குழந்தை வளர்ந்து வாசிக்கப்போகிற நாளை உத்தேசித்தே ஊரார் கண்ணுக்கு விடப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எடுப்பதில் தயக்கம் வேண்டாம், எழுதுவதிலும் வேண்டாம், வெளியிடுவதில் நிதானம் வேண்டும்.

இளந்தாய்மாரிடம் சாமர்த்தியத்தை எதிர்பார்ப்பதை நாம் இப்போதாவது நிறுத்திவிட்டு, அவர்களுக்கு என்ன தரலாம் என்று யோசிக்கலாம். உத்தியோகத்தில் இருக்கும் பெண்களுக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரங்களாயிற்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. கதைக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று சன்மானம் வாங்கிப் பிழைக்கும் எழுத்தாளருக்கும் கல்யாண வீடுகளில் படமெடுக்கும் பெண்ணுக்கும் எஜமானர் என்று ஒருவர் இல்லாததால் விடுப்பும் இல்லை. பத்திரிகைகள் இவர்களுக்குக் கெடுவை நீட்டித் தரலாம்; தொடர்கதை எழுதுகிறவளின் பிரசவத்துக்காக நான்கு மாதம் இடைவெளி விட்டு, அவளுடைய பக்கத்தை அவளுக்கென்றே வைத்திருக்கலாம். வீட்டிலே, நாளுக்கு இரண்டு மணி நேரம், குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடக் கணவரால் முடியும், பாட்டனாராலும் முடியும்.

இலக்கிய ஸ்தாபனங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இளம் எழுத்தாளர்களுக்கென்று 2011 முதல் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் யுவ புரஸ்காருக்கு வயது வரம்பு 35. அந்த 35-க்கு முந்தைய ஆண்டுகளே நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தாயாகிற ஆண்டுகள். முதல் நூல் தள்ளிப்போகிறவள், தன்னுடைய எழுத்தில் எந்தக் குறையும் இல்லாமலே அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறாள். விஞ்ஞான உலகம் இதை முன்னரே கண்டுகொண்டது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில், இளம் ஆய்வாளர்களுக்கான நிதிக்கு விண்ணப்பிக்கும் தாய்மாருக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் வீதம் தகுதிக் காலத்தை நீட்டித் தருகிறது. குடும்பத்துக்காக ஆராய்ச்சியை நிறுத்திய பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்கு நமது மத்திய அரசின் விஞ்ஞானத் துறையும் உதவித்தொகைத் திட்டம் நடத்திவருகிறது. ரசாயனச் சாலைக்குத் திரும்பும் தாய்க்குத் தந்த இந்தச் சலுகையை, கவிதைக்கும் கதைக்கும் காமிராவுக்கும் திரும்புகிறவளுக்கும் தரலாம். வயது வரம்பு வைத்து விருதும் உபகாரச் சம்பளமும் வழங்குகிற ஒவ்வொரு அமைப்பும், பெற்ற குழந்தை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று கேட்கிறேன். அடுத்த ஆண்டின் விண்ணப்ப விதிகளிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடோ, சட்டத் திருத்தமோ தேவைப்படாது.